அக்காவின் தோலில் நான் போட்ட கோடு

யுத்த காலத்தில் என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். புண் ஆறியதும், மிச்சம் மீதி இருந்தால் கருகிப்போக எக்ஸ்ரே வைக்க வேண்டும் என்றார் டாக்டர். அத்திம்பேர் பள்ளிக்கூட வாத்தியார், லீவு கிடையாது. புக்ககத்திலிருந்து வந்திருந்த நான்தான் துணைக்குப் போனேன். தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்காவில் காவிரிப் பாலம் தாண்டுவோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அக்கா இடது கையை வலது கையால் தாங்கிக்கொள்வாள்.

அறுத்த பக்கத்துக் கை சரியாக மேலே எழும்பவில்லை. முதல் நாள் அவளைப் படுக்கவைத்துச் சரிபார்க்கவே வெகு நேரம் ஆயிற்று. மெஷினைப் பார்த்துக்கொண்டவர் முன்பு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். தோளுக்கடியில் மணல்பையைக் கொடுத்து, அவள் கையை மெல்ல மெல்லத் தலைக்கு மேல் கொண்டுபோய்த் துணியால் கட்டினார். நர்ஸ் ஊதா மையால் தோலில் நாலு பக்கமும் கோடு போட்டாள். கதிர் அந்தக் கட்டத்துக்குள்தான் விழ வேண்டும். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவோம். உள்ளே அவள் மட்டும். மெஷின் உறுமுகிற சத்தம் என் பாதத்தில் அதிரும்.

அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அக்கா குளிக்காமல் பெருமாளுக்குத் தளிகை பண்ணமாட்டாள். எட்டாம் நாள் ஈரப்புடவையோடு என்னைக் கூப்பிட்டாள். அக்குள் பக்கத்துக் கோடு அடியோடு போயிருந்தது.

"நர்ஸ் கோச்சுப்பா. நீயே போட்டுடு. யாரண்டையும் சொல்லாதே."

அவள் இடது கையைத் தன் மடியில் இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அத்திம்பேரின் ஊதாப் பென்சிலைத் தண்ணீரில் தொட்டு, நினைவில் இருந்தபடி வரைந்தேன். கையைத் தூக்கினால் தோலும் கூடவே ஏறும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அன்று மெஷின்காரர் கோட்டைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதற்கே பொருந்த மெஷினை நகர்த்தினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாரத்தில் காறை எலும்பை ஒட்டித் தோல் கன்றிச் சிவந்தது. கதிர் பட்டுச் சிவக்க வேண்டிய அக்குள் ஓரம் வெளுப்பாகவே இருந்தது. டாக்டர் அவளைப் படுக்கவைத்துக் கையை உயர்த்தினார். கோடு இரண்டு விரற்கடை மேலே போயிற்று.

"யார் போட்டது இது?"

"நான்தான்," என்றாள் அக்கா.

டாக்டர் மையைத் துடைத்துவிட்டுப் புதிதாகக் கோடு போடச் சொன்னார். சிகிச்சையைச் சில நாள் நீட்டினார்கள். தோல் தாங்காததால் அதற்கு மேல் முடியவில்லை.

ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு அக்குள் ஓரத்தில், அந்த வெளுத்த இடத்தில், மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. கோடு சரியாக இருந்தாலும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அடுத்த மழைக்காலத்துக்கு அக்கா இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்புமுன், அந்தக் கோட்டைப் போட்டது நான்தான் என்று அத்திம்பேரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"அவ அன்னிக்கே சொல்லிட்டா," என்றார். "உன்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதுன்னு எங்கிட்டே சத்தியம் வாங்கிண்டா."

பிறகு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.