சோப்பில் விழுந்த ஆரஞ்சுப் புள்ளி

மருந்துக்கடைக்காரர் சோப்பு அட்டைப்பெட்டியைத் திறந்துகூடக் காட்டவில்லை. மேசைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளினார். வாடையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. பலமுறை பொரித்த எண்ணெயை மூடி வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்தக் காறல் வாடை. ரோஜா வாசனை என்று மேலே ஒட்டிவிட்டு உள்ளே இந்த நாற்றம் இருந்தால் யார் வாங்குவார்கள்? இப்படித் திரும்பி வருவது இது இரண்டாவது முறை. அடுத்த சரக்கும் கெட்டால் அவள் சோப்பு அடுக்கும் தட்டைப் பற்பசைக்கு ஒதுக்கிவிடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். மனிதர் வருத்தப்பட்டுச் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

தெருவில் அவளுக்குச் சோப்புக்காரி என்றுதான் பெயர். தையல் ஆலை மூடிய பிறகு பிடித்த தொழில் இது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு கட்டி இனாமாக வாங்கிப்போய், பிரமாதம் என்று சொல்லிவிட்டு, கடைச் சோப்பிலேயே குளிப்பவர்கள். காசு பார்ப்பதெல்லாம் மருந்துக்கடைத் தட்டில்தான். அதுவும் போனால் மறுபடி எவனுக்காவது சட்டைக்குக் காஜா எடுக்கப் போக வேண்டியதுதான்.

வீட்டில் அவளைத் தவிர இரண்டு பேர். கணவன் லிப்ட் பழுதுபார்ப்பவன். ஊரில் உள்ள லிப்டையெல்லாம் ஏற்றி இறக்குவான், வீட்டில் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைக்க மாட்டான். அடுத்தது அவன் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரே ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தவள். நாற்பது தாண்டியும் எல்லோருக்கும் பாப்பாதான். இருக்கும் இடம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே பிறந்தவள் மாதிரி நடமாடுவாள்.

சோப்பு எப்படிக் கெடுகிறது என்பது சோப்புக்காரிக்குத் தெரியாததல்ல. எண்ணெயையும், காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரையும் கலக்கும்போது கொஞ்சம் எண்ணெயைச் சோப்பாக மாறாமல் மிச்சம் விட வேண்டும்; தோல் வறளாமல் காப்பது அதுதான். அந்த மிச்ச எண்ணெய்தான் காற்றுப்பட்டுக் காறி, ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக வெளியே வரும். அதற்குத்தான் வைட்டமின் ஈ. எண்ணெய் டின்னை உடைத்த அன்றே அதில் விட்டுக் கலக்க வேண்டும். காறிய பிறகு குடம் குடமாக ஊற்றினாலும் போன எண்ணெய் போனதுதான். இதையெல்லாம் அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பிறகும் புள்ளி வந்தால் யாரைப் பிடித்து உலுக்குவது?

எண்ணெய்க்கடைக்காரரைத்தான் முதலில் உலுக்கினாள். பழைய டின்னைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடை வாசலிலேயே சண்டைக்கு நின்றாள். அவர் புது டின்னை உடைத்து அவள் மூக்கருகே பிடித்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்துக் குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்து, வடித்த தண்ணீர் வாங்கினாள். வெயில் படுகிறதென்று ஜன்னலுக்குத் திரை போட்டாள். ரோஜா வாசனையைக் கூட்டினால் நாற்றம் அமுங்கிவிடுமே என்று கணவன் யோசனை சொன்னான். அன்று அவனுக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

கடைசி வாய்ப்புக்கான சரக்கை அவள் வேறு யாரையும் அண்டவிடாமல் போட்டாள். புது டின், புது வைட்டமின் ஈ. கடையில் சின்ன பாட்டில்தான் இருந்தது. முதல் டின்னுக்கு விட்டபோது சொட்டுக் குழாயிலிருந்து இறங்க மனமில்லாமல் தேன் கணக்காக நின்று நின்று விழுந்தது. மறு வாரம் இரண்டாவது டின்னை உடைத்து, அதே பாட்டிலைச் சாய்த்தாள். சளசளவென்று ஓடியது. முகர்ந்தாள். சமையல் எண்ணெய்.

அவளுக்கு உச்சி முதல் கால் வரை பற்றிக்கொண்டது. போன பெரிய பாட்டிலில் இது மெல்ல மெல்ல நடந்திருக்கிறது, அதனால் கண்ணில் படவில்லை. எடுத்துக்கொண்டதுகூடப் பரவாயில்லை, அளவு குறையாமல் தெரிய வேண்டுமென்று எண்ணெயை ஊற்றி நிரப்பியிருக்கிறார்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கணவனாக இருக்காது, இந்த வேலைக்கு வேண்டிய பொறுமை அவனிடம் கிடையாது. பாட்டிலும் கையுமாகச் சமையலறைக்குப் போனாள்.

பாப்பா மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சோப்புக்காரியின் வாயில் வந்தது. கடைக்காரரிடம் தலைகுனிந்தது, எண்ணெய்க்காரரிடம் வீண் பழி போட்டது, எல்லாவற்றையும் கொட்டினாள். முகத்துக்குப் பூசி யாருக்குக் காட்டப்போகிறாய் என்றும் கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

பாப்பா முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். முன்கை நெடுக, தோல் சுருங்கிக் கறுத்த தழும்பு.

"ஆற வெச்சிருந்த காரத் தண்ணின்னு தெரியாது அண்ணி. பாத்திரம் கழுவலாம்னு எடுத்தேன்" என்றாள். "அதைத் தடவினா தழும்பு போகும்னு யாரோ சொன்னாங்க."

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொன்னியே."

"வேற என்ன சொல்றது? அந்தத் தண்ணி வீட்டுல யார் மேலயாவது பட்டா, சோப்புச் சாமானையெல்லாம் தூக்கித் தெருவுல எறிஞ்சிடுவேன்னு அண்ணன் சொன்னாரில்ல. உங்க தொழில் போயிடுமேன்னு பயந்துட்டேன்."

சோப்புக்காரி பாட்டிலைக் கீழே வைத்தாள். அந்தக் காரத் தண்ணீர்ப் பாத்திரத்தை மூடாமல் கழுவும் தொட்டியருகே வைத்தது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொழிலைக் காப்பாற்றப் போய் இவள் தொழிலையே கவிழ்க்கப் பார்த்திருக்கிறாளே, இவளைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா? இரண்டும் வராமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கணவன் வந்து நின்றான். ஒன்றுமில்லை என்று பாப்பா ஆரம்பித்தாள். சோப்புக்காரி விடவில்லை. தான் வைத்த காரத் தண்ணீர், இவள் கை, அவன் போட்ட சட்டம், திரும்பி வந்த இரண்டு பெட்டி, எல்லாவற்றையும் அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். எறிவதென்றால் இப்போதே எறியட்டும் என்று வழிவிட்டு நின்றாள்.

அவன் தங்கையின் கையைப் பார்த்து முகம் சுளித்தான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"எறிவேன்னு நானா சொன்னேன்? எப்ப?"

நடிப்பில்லை. உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை. டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே எப்போதோ வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான், சொன்ன கையோடு மறந்தும் போயிருக்கிறான். அந்த ஒரு பேச்சுக்காக ஒருத்தி கொதிக்கும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடு நடமாடியிருக்கிறாள். மருந்து வாங்கித் தரச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை.

பாப்பா மெதுவாகச் சட்டைக் கையை இறக்கப் போனாள். சோப்புக்காரி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் எதுக்குடி மூடறே?" என்று சீறினாள்.