பூஜ்யத்தில் தொடங்கிய எண்

எல்லாவற்றையும் விதிப்படி சரியாகச் செய்த பிறகும் தவறு ஒருவருடைய வாசலில் வந்து நிற்க முடியுமா? சல்லடையின் வாழ்க்கை கேட்டது ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான்.

சல்லடை என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் வரித்துறை ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண் முறையாக அமைந்ததுதானா என்று சோதிக்கும் மென்பொருளை எழுதியவள் அவள். எண்ணைத் தட்டினால் பச்சை வரும், அல்லது சிவப்பு வரும். கருவி எண்ணின் வடிவத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது என்று கூட்டங்களில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். சிவப்பு வந்தால் ஆளே போலி என்றுதான் எல்லா அலுவலகங்களும் எடுத்துக்கொண்டன.

ஒரு நாள் சிவப்பு அவள் வீட்டுக்கே வந்தது. அண்ணன் லாரி ஓட்டி முதுகு தேய்ந்தவன். ஒரு பள்ளிக்கூடத்தில் பேருந்து ஓட்டும் வேலை அமைந்திருந்தது. இனி வீட்டுப் படுக்கையில் தூங்கலாம். வண்டியை ஓட்டிக் காட்டியாயிற்று, சீருடைக்கு அளவும் கொடுத்தாயிற்று. கடைசியில் எண்ணைத் தட்டிய எழுத்தர் திரையை அவன் பக்கம் திருப்பினார்.

"திங்கக்கிழமைக்குள்ள பச்சை வரணுமாம். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்களாம்," என்று அண்ணன் தன் எண் அட்டையை மேசையில் போட்டான்.

"உங்க தங்கச்சி எழுதினதுதானே? அதுக்கும் உங்க மூஞ்சி பிடிக்கல போல," என்றாள் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அட்டையைப் பார்த்ததுமே சல்லடைக்கு விளங்கிவிட்டது. எண் பூஜ்யத்தில் தொடங்கியது. முதல் இலக்கம் பூஜ்யமாக இருக்காது என்று வரித்துறை தந்த விதித்தாளில் இருந்ததால், அப்படித் தொடங்குவதைத் தள்ளிவிடும்படி அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த விதிக்கு முந்தைய காலத்தில் பூஜ்யத்தோடு சில எண்கள் கொடுத்திருந்ததை, விதித்தாள் எழுதியவர் மறந்துபோயிருந்தார்.

வரித்துறைக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கணினியில் தேடினார்.

"எண் இருக்கும்மா. உங்க அண்ணன் பேர்லதான் இருக்கு."

"அப்போ அதையே எழுதிக் குடுங்க சார்."

"எப்படிம்மா? கருவி செல்லாதுன்னு சொல்லுதே."

"அந்தக் கருவிய எழுதினதே நான்தான் சார்."

"அப்போ நீங்களே சரிபண்ணிக்க வேண்டியதுதானே? இங்க ஏன் வந்து நிக்கிறீங்க?"

"விதி நீங்க குடுத்தது சார்!"

"விதிய மாத்தணும்னா மேலிடத்துக்கு எழுதணும். புது எண்ணுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்க, போங்க."

போட்டார்கள். 'உங்களுக்கு ஏற்கெனவே ஓர் எண் இருக்கிறது. இன்னொன்று தர இயலாது' என்று பதில் வந்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனோடாவது வாதாடலாம். இங்கே முயல் இருக்கிறது என்று ஒரு வாயும், முயலே இல்லை என்று இன்னொரு வாயும் சொல்லின. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன.

அலுவலகத்தில் மேலாளரிடம் மல்லுக்கட்டினாள். விதித்தாள் மாறாமல் அந்த வரியை எடுக்க முடியாது என்றார். வெள்ளிக்கிழமை மாலை, அவள் தொல்லை தாங்காமல் இறங்கிவந்தார்.

"சரிம்மா, உங்க அண்ணன் நம்பருக்கு மட்டும் ஒரு விலக்கு வச்சிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"இதே மாதிரி பழைய நம்பர் வச்சிருக்கிற மத்தவங்க சார்?"

"அவங்களுக்கெல்லாம் உங்கள மாதிரி தங்கச்சி இல்லையே!"

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் விலக்கை எழுதித் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். அண்ணனின் எண் பச்சையாக வந்தது. வெளியிடும் பொத்தானை அழுத்துவது மட்டுமே பாக்கி. கைபேசியில் அண்ணன் அழைத்துக்கொண்டே இருந்தான், அவள் எடுக்கவில்லை. பிறகு எழுதியதை அழித்தாள், கணினியை அணைத்தாள்.

திங்கட்கிழமை அந்தப் பேருந்தை வேறொருவர் ஓட்டினார். நேர்மை என்று இதைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. விலை கொடுத்தது அண்ணனின் முதுகு. வீம்பு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதில்லை, லாரிக்கே திரும்பிவிட்டான். அண்ணிதான் விடாமல் கேட்டாள்: "பச்சை வந்துச்சுன்னு நீதானேம்மா சொன்ன. அப்புறம் ஏன் அழிச்ச?"

"சாப்பாடு ஆறுது அண்ணி," என்பாள் சல்லடை.