நல்ல மண்ணைச் சுரண்டியவள்

இங்கிலாந்தின் டார்செட்டில் எங்கள் பக்கத்தில் பொக்லைன் ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் புதைந்து கிடக்கும் குழாய்க்கு மேலே நாலு விரல் கனம் மட்டும் விட்டுவிட்டு மண்ணைச் சீவ ஏவிஸ் ட்ரிம்மால்தான் முடியும். 1998 இலையுதிர் காலத்தில் அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவள் அள்ளிப் போட்ட மண்ணை லாரியில் ஏற்றிப் போனவன் நான்.

அப்போது நாங்கள் வேலை செய்த பத்து ஏக்கர் அவளுடைய அப்பா ரூபன் லெக்கின் நிலம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சர்க்கார் உத்தரவின்படி புதர்வெளியை உழுது வயலாக்கினார். சுண்ணாம்பும் சாணமும் கடற்பாசியும் கொட்டிக் கொட்டி, வெறும் மணலைக் கறுப்பு மண்ணாக மாற்றினார். அவருக்குப் பின் ஏவிஸின் அண்ணன் கிளெம் பயிரிட்டார். முழங்கால் போனதும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு விற்றுவிட்டார். பழையபடி ஹெதர் என்னும் ஊதாப்பூச் செடி படர்ந்த புதர்வெளியாக்குவது சங்கத்தின் திட்டம். முதல் வேலை, கறுப்பு மண்ணை ஓரடி ஆழத்துக்குச் சீவி எடுப்பது. அதற்கு ஏவிஸைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாளே கிளெம் வேலியருகே வந்து நின்றார்.

"அப்பாவோட முப்பது வருஷ உழைப்புடி அது. உனக்கு மனசு வருதா?"

"வருது அண்ணே. இந்த மண்ணு கொழுத்துக் கெடக்குது. இதுல புல்லும் காஞ்சொறியும்தான் மொளைக்கும். ஹெதர் செடிக்குப் பட்டினி மண்ணுதான் புடிக்கும்."

"பைத்தியக்காரத்தனம்!"

"சரி, தள்ளி நில்லு. பொக்லைன் வாளி பட்டுரும்."

மூன்று வாரத்தில் நிலம் முழுக்க வெளிறிய மணலாகிவிட்டது. நவம்பரில் பக்கத்துப் புதர்வெளியில் ஹெதர் கிளைகளை விதையோடு வெட்டி, வைக்கோல் பரப்புவது போல அதன்மேல் பரப்பினோம். குளிர்காலம் முழுதும் ஒரு பச்சையும் தெரியவில்லை. பப்பில் ஏவிஸ் நுழைந்தாலே, "வாம்மா, சகாரா ராணி!" என்று கேலி செய்தார்கள். "ஒட்டகம் வாங்குறப்ப உங்களயும் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் பீரைக் குடித்தாள்.

மார்ச் மாதம் ஒரு காலை, மணலின் நடுவே இரண்டு டிரெய்லர் சாணம் பரப்பிக் கிடந்தது. யார் வேலை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. கிளெம்மின் டிராக்டர் தடம் அவர் வீட்டு வாசல்வரை போயிற்று.

ஏவிஸ் போய்க் கதவைத் தட்டினாள். நானும் கூட இருந்தேன்.

"உன் பாசம் நாறுது அண்ணே."

கிளெம் தலையைக் குனிந்துகொண்டார். "மொட்டையா கெடக்கறதப் பாக்க முடியலடி. அப்பா பாத்தா என்ன சொல்லுவாரு?"

"நீ கொட்டின இடத்த மறுபடி சீவணும். உன் டிரெய்லர நீயே கொண்டாந்து அள்ளிட்டுப் போ."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மனிதர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தார். அன்று முழுதும் ஏவிஸ் சீவ, அவர் ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் அவள் பாதி பேஸ்ட்ரியை நீட்டினாள். வாங்கித் தின்றார்.

அந்த வசந்தத்திலும் ஒன்றுமில்லை. அடுத்த வசந்தத்தில் ஏவிஸ் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "இங்க பாரு, இங்க பாரு" என்று கத்தினாள். குண்டூசித் தலையளவு பச்சைப் புள்ளிகள், ஆயிரக்கணக்கில். அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணில் மணல் விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

கூடவே பிர்ச் மரக் கன்றுகளும் முளைத்தன. விட்டால் பத்து வருஷத்தில் காடாகி நிழலடித்து ஹெதரைக் கொன்றுவிடும். குளிர்காலமெல்லாம் நாங்கள் கையால் பிடுங்கினோம். முடிவில் மாடு மேய விடுவதென்று சங்கம் தீர்மானித்தது. ஏவிஸ் அண்ணனிடம் போனாள்.

"உன் நாலு மாடும் சும்மாதானே நிக்குது? அங்க விடு. பிர்ச்சக் கடிச்சுப் போடட்டும்."

"அந்த மணல்ல என்ன இருக்கு, என் மாடு திங்க?" என்று முனகியபடி கொண்டுவந்து விட்டார்.

ஐந்தாவது வருஷ ஆகஸ்டில் பாதி நிலம் ஊதாவாகப் பூத்தது. தெற்குப் பார்த்த வெற்று மணலில் பல்லிகள் முட்டையிட்டிருந்தன. கிளெம் தினமும் தடியூன்றி மாடு எண்ண வருவார். மாடுகள் நான்குதான், எண்ணி முடிக்க அவருக்கு ஒரு மணி நேரமாகும். "நல்லா இருக்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒருவன் நாயைப் பூவுக்குள் ஓடவிட்டபோது அவர் போட்ட சத்தம் சாலைவரை கேட்டது.

ஏவிஸ் அதையெல்லாம் பார்க்க அங்கில்லை. பக்கத்து ஊரில் பதினெட்டு ஏக்கர் கறுப்பு மண்ணின் மேல் பொக்லைனை ஏற்றிக்கொண்டிருந்தாள்.