செங்கல்லுக்குள் சிமென்ட்

போன ஞாயிறு பிளெய்ன்ஸ்பரோ பக்கம் ஒரு புது வீட்டைப் பார்க்கப் போனோம். நண்பன் வாங்கப் போகிறானாம். நான் கட்டட என்ஜினியர் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். ‘இங்கிலீஷ் மேனர்’ மாடல். முன்சுவரில் மட்டும் செங்கல், அதுவும் பிஸ்கட் தடிமனுக்கு ஒட்டிய வில்லை. பக்கவாட்டில் பிளாஸ்டிக் பலகை.

"செம கிராண்டா இருக்குல்ல? ஆஃபர் போட்டுடவா?" என்றான்.

உள்ளே ஒரே பசை நாற்றம். வெளியே வந்து நின்றபோது ஒரு பழைய வீட்டுச் சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாசனை ஞாபகத்துக்கு வந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே நியூ ஜெர்சியில், எந்தக் காலத்திலோ ஒரு இங்கிலாந்துக்காரர் கட்டிய நிஜமான செங்கல் மாளிகையைப் பழுதுபார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. ஒன்றரை முழச் சுவர். ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்கே தலையை மட்டும் காட்டிக்கொண்டு. கூரைமேல் முறுக்கிவிட்ட மாதிரி புகைபோக்கிகள். கல் இடுக்குகளில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். அதை ஒழுங்காக அடைத்தால் வீடு பிழைத்துவிடும்.

கோயம்புத்தூரில் சிவில் படித்தவன் எதை வைத்து அடைக்கச் சொல்வான்? சிமென்ட் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். வெயில் தெரியும், மழை தெரியும். கல்லுக்குள் தண்ணீர் உறையும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

கொத்து வேலையை எடுத்திருந்தவர் யாழ்ப்பாணத்து ராசையா அங்கிள். லண்டனில் பழைய வீடுகளோடு மல்லுக்கட்டியவர். "தம்பி, இது இளக்கமான கல்லு. சீமெந்து வச்சா ஈரம் வெளியால போகேலாது. பனிக்குக் கல்லு வெடிச்சுப் போகும். பழையபடி சுண்ணாம்புதான் வைக்கோணும்."

அன்று சாயங்காலமே புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் அவரிடம், "கிரீன் கார்டு ப்ராசஸ் ஓடிட்டிருக்கு அங்கிள். தப்புன்னு இப்பப் போய்ச் சொன்னா மேனேஜர் ஃபைலை மூடிடுவார்," என்றேன். அவர் சிமென்ட்டைக் குழைத்தார்.

இரண்டே பனிக்காலம். செங்கல்லெல்லாம் சொறி பிடித்த தோல்போல உரிந்து கொட்டியது. என் சிமென்ட் மட்டும் கோடுகோடாகத் துருத்திக்கொண்டு நின்றது. தேறாது என்று இடித்தார்கள். அங்கிளும் பார்க்க வந்திருந்தார்.

"கார்ட் வந்திட்டுதோ தம்பி?"

"இன்னும் வரல அங்கிள்."

உரிந்த கல் ஒன்றைக் காலால் ஒதுக்கிவிட்டு வண்டிக்குப் போனார்.

அந்த இடத்தில் இப்போது பார்க்கிங் லாட். அங்கிளும் போய்ச் சேர்ந்துவிட்டார். தப்பென்று தெரிந்தே செய்தேன் என்பதை அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு வருத்தத்துக்கு முன்னால் நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்கவே முடியவில்லை.