மூன்று கத்தெரி இல்லை, முழு மொட்டை: திருப்பதி லாட்ஜில் ஒரு வரன் போட்டோ

போன சனிக்கிழமை நான் திருப்பதிக்குப் போனது சாமி கும்பிட இல்லை, போட்டோ எடுக்க. ஸ்ரீசிட்டியில் என்னோடு வேலை பார்க்கும் சசிகலாவுக்கு வரன் பார்க்கிறார்கள். நாயுடுபேட்டை மாப்பிள்ளை வீட்டார் அன்று மாலைக்குள் நல்ல போட்டோ ஒன்று கேட்டிருந்தார்கள். அவள் அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு அன்றைக்கே மலையில் ஒரு வேண்டுதலும் இருந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து லைட்டிங் கற்றுக்கொண்டிருக்கும் எனக்கு, உட்கார ஒரு ஆள் கிடைத்தால் போதாதா?

தரிசன டிக்கெட் ஒன்றுதான் கிடைத்ததால் சசி மட்டும் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டாள். நான் நகரியில் அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் எண்பது ரூபாய். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ் அறை ஆயிரத்து இருநூறு. பெரிய ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டதற்கு மேனேஜர் சிரித்துவிட்டார். "எல்லாரும் ஏசி கேப்பாங்க. நீங்க கிடிகி கேக்கறீங்களே மேடம்!"

முகத்தின் நிழல் பக்கத்துக்கு வெளிச்சம் திருப்ப நாற்பது ரூபாய்க்கு ஒரு தெர்மாகோல் அட்டை வாங்கினேன். மனதில் நாலைந்து போஸ் வைத்திருந்தேன். பின்னலை முன்னால் போட்டு ஒன்று, கூந்தல் ஓரம் வெளிச்சத்தில் மின்ன ஒன்று. எல்லாமே முடியை நம்பித்தான்.

இரண்டு மணிக்குக் கதவைத் தட்டியவளின் தலையில் சந்தனம் மட்டும்தான் இருந்தது.

"இன்னாடி இது! மூணு கத்தெரி குடுத்தா போதும்னு படிச்சிப் படிச்சி சொன்னனே!" என்று அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முழு மொட்டைக்குப் பதில் பெண்கள் பலர் நுனிமுடியை மூன்று முறை கத்தரித்துக் கொடுப்பதுண்டு, அதைத்தான் சொல்கிறார்.

"வேண்டிக்கினது மொட்டை. நைனா பொழச்சிக்கினாரு இல்ல? அப்புறம் சாமிகிட்ட இன்னா பேரம்?" என்றாள் சசி.

"பழைய போட்டோவ அனுப்பிடலாம். இதப் பாத்தா வேணாம்னுடுவாங்கடி."

"வேணாம்னா இப்பவே சொல்லட்டும்மா." என்னிடம் திரும்பினாள். "நீ எடு."

படம் சொதப்பி இந்தச் சம்பந்தம் நின்றால் பழி என் மேல்தானே!

முதலில் சந்தனத்தைக் கழுவிவிட்டு எடுத்தேன். ஜன்னல் வெயிலில் தலை எவர்சில்வர் குடம் மாதிரி பளபளத்தது. மறுபடி மெல்லிசாகச் சந்தனம் பூசியதும் பளபளப்பு அடங்கியது. வெயிலை மட்டுப்படுத்த லாட்ஜ் பெட்ஷீட்டை ஜன்னல் முன்னால் பிடிக்க ஆள் வேண்டும். வேறு வழியில்லாமல் அம்மாவிடமே கொடுத்தேன். எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பிடித்தார்.

குனிந்தால் தலை பெரிதாகி முகம் சிறுத்தது. கன்னத்தில் கை வைத்தால் பல்வலிக்காரி. கேமராவைக் கண் மட்டத்துக்கு இறக்கினேன். சசியின் கை சும்மா சும்மா தலைக்கே போனது. வாய் பேசினாளே தவிர, அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கைய எடுடி!" என்றார் அம்மா. எப்போது திரும்பினாரோ தெரியாது. "மோவாயத் தூக்கு. இன்னாத்துக்குத் தல குனிஞ்சிக்கினு கீற? திருடிட்டா வந்த?"

சசி நிமிர்ந்தாள், கண் கலங்கிச் சிரித்தாள். எடுத்துவிட்டேன்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்த அம்மா, தானே நாயுடுபேட்டைக்கு அனுப்பிவிட்டுக் குரல் பதிவும் போட்டார்: "இதான் எங்க பொண்ணு. அவ நைனாவுக்காக மொட்ட போட்டுக்கினா. புடிச்சிருந்தா வாங்க."

இதுபோல் எடுக்கப் போகிறவர்களுக்கு: கோயிலுக்குள் கேமரா, போன் கிடையாது, கீழேயே வைத்துவிடுங்கள். மலையில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை. நேர் வெயில் வேண்டாம். வெள்ளைத் துணியும் கொஞ்சம் சந்தனமும் போதும். கூட வருகிறவர்களைச் சும்மா உட்காரவைக்காமல் துணி பிடிக்கச் சொல்லுங்கள்.

இதை எழுதும்வரை நாயுடுபேட்டையிலிருந்து பதில் இல்லை. சசி போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள், நானும்தான். ஆனால் நேற்று பார்த்தேன், அவள் அம்மா வாட்ஸ்அப்பில் தன் டிபியை மாற்றியிருக்கிறார். ஊர், உறவு எல்லாரும் பார்க்கும்படி மொட்டைத் தலையோடு சசி.