ஓடுகிற மட்டாட்டுவில் சீட்டு மாற்றுகிறவள்

பொசிபோரி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டபோது, அந்தப் பெயருக்கு உரியவள் ஓடிக்கொண்டிருந்தாள். என் தம்பி மகன் ஒகுட்டுவுக்குப் பெண் கேட்டு மலைமேல் இருக்கும் நியாமிராவுக்குப் போயிருந்தோம். உகாலிக் களித் தட்டோடு வந்த பெண் தட்டை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு, போனைக் காதில் அணைத்தபடி வாழைகளுக்கு நடுவே ஓடினாள்.

"யாரு வீட்டுப் பொண்ணு இப்படி ஓடுது?" என்று கேட்டேன்.

"அதுதான் பொசிபோரி. உங்க வீட்டுக்கு வரப்போறவ," என்றாள் அவள் அம்மா, சிரிக்காமல்.

அந்த அம்மாவைப் பெற்றவள் ஏரிக்கரைப் பக்கத்து லூவோக்காரி, எங்கள் இனம்; என் சித்திக்குத் தூரத்து அக்கா முறை. அதனால் இந்த ஓட்டத்தில் எங்கள் ரத்தமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஏரிக்கரைக் கிசுமுவில் ஒரே வீட்டில் இருக்கிறோம். சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு ஆபீஸ். வேலை செய்யும்போது இடது கால் ஓயாமல் ஆடும். மேசையோடு சேர்ந்து என் தேநீரும் ஆடும். தன் தேநீரை ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கி, மறந்து, சர்க்கரை போட்டோமோ என்று மறுபடி போட்டுக் கலக்கி, கடைசியில் ஆறியதை எனக்கே தருவாள். வாசலில் அவள் செருப்பு எப்போதும் வெளியே பார்த்துத்தான் கிடக்கும். காரைப் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவாள். "போகும்போதே திரும்பற வழியைப் பாத்து வெச்சுக்கணும் அத்தை," என்பாள்.

அவள் வேலையை எனக்கு அவள்தான் விளங்கவைத்தாள். ஆஸ்பத்திரிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போன் செய்தால், இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்கிறதே, அந்தக் குரலுக்குப் பின்னால் பெரிய அட்டவணை ஒன்று இருக்கிறதாம். எந்த நம்பர் எந்த மேசையில் மணியடிக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அவள் கம்பெனிக்குப் புதுசாக ஒன்று வேண்டுமென்றால் அட்டவணையின் உருவத்தையே மாற்றவேண்டும். மாற்றும்போதும் ஜனங்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள்.

"ஓடற மட்டாட்டு வேன்ல சீட்டக் கழட்டி வேற சீட்டு போடணும் அத்தை. ஒருத்தர் இறங்கக் கூடாது, ஒருத்தர் விழக் கூடாது."

"வண்டிய நிறுத்திட்டுப் போடேன்."

"நிறுத்தினா ஜனங்க வேற வண்டியில ஏறிடுவாங்களே."

ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு கட்டளை எழுதுவாள்: ஒன்று போவதற்கு, ஒன்று கெட்டுப்போனால் பழையபடி திரும்புவதற்கு. பழையதைச் சட்டென்று தூக்கிப் போடமாட்டாள். வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தபோதும் என் கரியடுப்பைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் முழங்காலை இடித்துக்கொண்டு திரிந்தேன். "புதுசு நல்லா ஓடுதான்னு பாக்கறேன்," என்று மழைக்காலம் முழுக்கச் சொன்னாள்.

இப்படிப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை தப்பு செய்தாள்.

போன் செய்கிறவர் எந்தப் பாஷைக்காரரோ அந்தப் பாஷையில் குரல் பேசவேண்டும் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. அதற்கு அட்டவணையில் புதுக் கட்டம் சேர்த்து எல்லா வரிசையிலும் நிரப்பவேண்டும். நிரப்பி முடியும்வரை அதை வேறு யாரும் தொடமுடியாது; வருகிற போனும் வழி தெரியாமல் நிற்கும். வழக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவாள். அன்றைக்கு மட்டும் ஒரே மூச்சில் முடிக்கலாம் என்று துணிந்தாள். அவள் முதலாளி ஒச்சோலா எங்கள் மாதா கோயில்காரர். "ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல கடவுளைத் தவிர யாருக்கும் போன் வராது," என்பது அவர் பேச்சு.

ஒகுட்டு பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருந்தான். முழங்கால் வலியால் நான் வீட்டில். பாதி நிரம்பியிருக்கும், அவள் அம்மாவிடமிருந்து போன். இவள் அதைச் சத்தமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"ஏ பொசி, ஆஸ்பத்திரி நம்பரு ஊமையாக் கெடக்குதுடி. உன் தம்பி பொண்டாட்டிக்குப் பனிக்குடம் உடஞ்சிருச்சு. ரத்தம் போகுது. ஆம்புலன்சுக்கு அடிச்சு அடிச்சு விரலு தேஞ்சுபோச்சு."

"ஞாயித்துக்கிழமையில ஆஸ்பத்திரிக்கு யாரும்மா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமைதான்டி அங்க கூட்டம். நேத்து முழுக்க ஊரே சபையில இருந்துச்சு. எங்கடி வளந்த நீ?"

அந்த மலைப்பக்கம் முக்கால்வாசிப் பேர் சனிக்கிழமை கும்பிடுகிறவர்கள். இவளும் அப்படி வளர்ந்தவள்தான். கல்யாணத்தோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறி வந்தாள். கரியடுப்பை விடாமல் வைத்திருந்தவள், தன் பழைய சனிக்கிழமையை எப்போது தூக்கிப் போட்டாளோ.

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. "இன்னும் கொஞ்சந்தான். முடிஞ்சா தானாத் திறந்துக்கும்," என்றாள் திரையைப் பார்த்து.

"எவ்வளவு கொஞ்சம்?"

"தெரியலையே அத்தை. அதான். தெரியலை."

நிறுத்து என்று அழுத்தினாள். அழுத்தினாலும் உடனே திறக்காதாம். ஊற்றியதையெல்லாம் அது மொண்டு எடுக்கவேண்டும். சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அம்மா அந்தப் பக்கம் வேறு போனில் அடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பெண்களின் மூச்சுச் சத்தம் மட்டும் வீட்டில் கேட்டது.

"மணி அடிக்குது," என்றாள் அம்மா. பிறகு, "எடுத்துட்டாங்க." போன் வைக்கப்பட்டது.

அவள் தம்பி மனைவி குவம்போகாவுக்கு மேட்டு ரோட்டில், ஆம்புலன்சிலேயே பெண் பிறந்தது. தாய்க்கு ரத்தம் ஏற்றினார்கள். அந்தச் செய்தி வரும்வரை பொசிபோரி உட்காரவில்லை.

சாயங்காலம் ஒச்சோலா கூப்பிட்டார். "நாளைக்கே பாஷை மாறிடும்னு எல்லாருக்கும் சொல்லிட்டனே பொண்ணே. என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"இருக்கற இடத்துலயே வெச்சுக்கங்க சார். ஆஸ்பத்திரி போனு ஊமையாப் போயி ஒருத்தி சாகப் பாத்தா. ஊமையாக்கினது நான்."



அதிலிருந்து எல்லாருக்கும் ஒரே நாள் கிடையாது. அவரவர் கும்பிடும் நேரத்தில், அவரவர் அட்டவணையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். பள்ளிவாசல்காரர்களின் மருந்தகத்துக்கு வெள்ளி மத்தியானம், எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு, மலை ஆஸ்பத்திரிக்குச் சனி. முன்னே மாற்றத்துக்காக வாரத்தில் ஒரு நாள் ஆடிய கால் இப்போது மூன்று நாள் ஆடுகிறது. ஒவ்வொரு தடவையும் முடித்த கையோடு அந்த இடத்துக்குத் தானே போன் செய்து மணியைக் கேட்பாள். மலை ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிறவளுக்கு இவள் மூச்சே அடையாளம். "மறுபடி நீயா? உயிரோடதான் இருக்கோம், வெச்சிடு தாயி," என்பாள்.

இன்று சனிக்கிழமை. விடிந்ததும் கிளம்பிவிட்டாள். இங்கே மேசை ஆடாமல் நிற்கிறது. என் தேநீர் சூடாக இருக்கிறது. பொசிபோரி நியாமிராவில், அம்மாவின் சபைக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து நிறுத்திய காருக்குள் இருக்கிறாள். உள்ளே குவம்போகா பாடுகிறாள். அவள் குழந்தை இவள் தோளில் தூங்குகிறது, மடியில் கணினி, காதில் போன், மலை ஆஸ்பத்திரியில் மணி அடிக்கிறதா என்று.