ரீமுக்கு நான் சொன்ன பெயர்

மகளுக்கு எட்டு வயது. இந்தக் கோடையில் அவளை நாங்கள் இருக்கும் வோபர்னில் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்ட ரீம் ஒன்றில் சேர்த்தோம். புது ரீம், இன்னும் பெயர் வைக்கவில்லை. பெற்றோர் யோசனை சொல்லலாம் என்று கோச் போன் குழுவில் எழுதியிருந்தார். யாராவது ஒன்றைக் கேட்டால் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

அன்று பின்னேரம் இங்கிலாந்துக் கழகங்களின் பட்டப்பெயர்களைத் தேடி வாசித்தேன். லூட்டன் தொப்பி செய்த ஊர். அதன் ஆட்டக்காரர்கள் தொப்பிக்காரர்கள். நார்தம்ப்டனில் சப்பாத்துத் தைத்தார்கள், அந்தத் தொழிலின் பெயரையே கழகத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். லண்டனில் கப்பல் கட்டிய இரும்பாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகத்தின் சட்டையில் இன்றைக்கும் இரண்டு சுத்தியல்கள் இருக்கின்றன. ஆலை எப்போதோ மூடிவிட்டது. அப்பாவின் வேலையைப் பிள்ளைகள் மைதானத்தில் நின்று கத்திச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே எழுதினேன்: 'நாங்களும் எங்கள் வேலைகளிலிருந்து பெயர் எடுக்கலாமே. என் கணவர் ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் கார் சீற்றுக்கு உறை போடுகிறார். சீற் மேக்கர்ஸ் எப்படி?'

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, மகளோடு விளையாடும் பிள்ளையின் தாய் எனக்குப் போன் எடுத்தார்.

"உங்கடை அவர் எஞ்சினியர் எண்டெல்லோ என்ரை மனுசனுக்குச் சொன்னவர்?"

"ஊரிலை எஞ்சினியர்தான், அக்கா."

"ஓ. அப்ப சரி," என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை.

என் கணவர் அப்படிச் சொல்லியிருப்பது எனக்குத் தெரியாது. உடனே மெசேஜை அழித்தேன். 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற வரி குழுவில் தனியாக நின்றது. எழுதியதைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

வேலை முடிந்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார்.

"மெசேஜ் பாத்தனான். பிரேக்கிலை."

"நான் யோசிக்காமல் எழுதிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எழுதினதுக்கு ஏன் மன்னிப்பு? பொய் சொன்னது நான்." மற்றச் சப்பாத்தையும் கழற்றி வைத்தார். "பிறகேன் அழிச்சனீ? உனக்கு வெக்கமா?"

இல்லை என்றேன். ஆனால் அதைச் சொல்ல ஒரு கணம் பிந்திவிட்டது. அவரும் அதைக் கவனித்துவிட்டார். அவருக்காகத்தான் அழித்தேனா, எனக்காகவா? அந்தக் கிழமை முழுக்கப் பாத்திரம் கழுவும்போதும் பிள்ளைக்குத் தலை வாரி இழுக்கும்போதும் இதைத்தான் யோசித்தேன்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனோம். அவர் காரை விட்டு இறங்கவில்லை. பிள்ளைகள் தாங்களே பேர்ப்பிள் லைட்னிங் என்று பெயர் வைத்துவிட்டதாகக் கோச் சொன்னார். என்னுடைய யோசனையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இத்தோடு போகட்டும் என்று விட்டிருக்கலாம். போன் எடுத்த அக்காவும் அவருடைய கணவரும் பக்கத்தில் நின்றார்கள்.

"அண்ணை," என்றேன். "அண்டைக்கு நான் அழிச்ச மெசேஜ் உண்மைதான். இவர் சீற்றுக்கு உறை போடுறவர். நான்தான் தேவையில்லாமல் அழிச்சனான்."

கார்க் கண்ணாடி திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இவர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"உறை மட்டுமில்லை, அண்ணை," என்றார். "விண்டரிலை உங்கடை சீற் சூடாகுதெண்டா, அந்த வயரை வைச்சது நானாயும் இருக்கலாம்."

"அப்ப நீர்தானோ! போன வருசம் எனக்குச் சுட்டுப்போட்டுதடாப்பா," என்று அந்த அண்ணை பெரிதாகச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மைதானத்தைப் பார்த்தபடி, "மற்றப் பக்கத்திலை நிழல் இருக்கு, வா," என்றார்.